ஏழு வருடம் போனால் கல்லூரிப் பாக்கி மறைந்துவிடுமா?

"பல்கலைக்கழகம் கட்டணப் பாக்கியை வசூல் நிறுவனத்திடம் கொடுத்துவிட்டதா? போனையே எடுக்காதே, ஏழு வருடத்தில் கடன் ரத்து." அமெரிக்காவில் படிக்கும் மாணவர்களிடையே இப்படியொரு பேச்சு சுற்றுகிறது. தவறு.

ஏழு வருடம் என்பது கிரெடிட் ரிப்போர்ட்டில் (ஒருவர் கடனை எப்படிக் கட்டுகிறார் என்று காட்டும் பதிவு) அந்தப் பாக்கி தெரியும் காலம் மட்டும்தான். கடன் அப்படியே இருக்கும். வழக்குப் போடுவதற்கான காலக்கெடு தனிக் கணக்கு; மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல மாநிலங்களில் கொஞ்சம் பணம் கட்டினாலே அந்தக் கெடு முதலிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும்.

சரி, என்ன செய்வது? கடன் வசூல் முறைகளைக் கட்டுப்படுத்தும் 1977-ஆம் ஆண்டு அமெரிக்க மத்திய அரசுச் சட்டப்படி (FDCPA), வசூல் நிறுவனம் முதலில் தொடர்புகொண்ட 5 நாளுக்குள் எவ்வளவு பாக்கி, யாருக்கு என்ற விவரத்தைத் தரவேண்டும். அது கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் மறுத்தால், ஆதாரம் அனுப்பும்வரை வசூலை நிறுத்தியாக வேண்டும். படிப்பைப் பாதியில் விட்டவர்கள் இந்த வாய்ப்பை விடவே கூடாது. கல்லூரி ஃபெடரல் (மத்திய அரசு) உதவித்தொகையின் ஒரு பகுதியை அரசுக்குத் திருப்பி அனுப்பியதால், அது உங்கள் தலையில் பாக்கியாக விழுந்திருக்கலாம். அந்தக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். மேலே ஏற்றிய வசூல் செலவுக்கு, நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலோ சட்டத்திலோ இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், "கைது செய்வோம்" என்ற மிரட்டல் சட்டவிரோதம். கலிஃபோர்னியாவில் 2020 முதல், பாக்கியைக் காட்டி மதிப்பெண் சான்றிதழைப் பிடித்துவைக்கவும் முடியாது.