தனிக்குடித்தனம் போன நாலு பேரும் ஒரு மூன்று கால் சில்லும்

போன வாரம் பதுளைப் பக்கத்துத் தம்பி ஒருவர் இன்பாக்ஸில் கேட்டிருந்தார்: "அண்ணே, நாங்க நாலு பேரு. கீகாட்டுக்கு ஒரு மாற்றம் எழுதி அனுப்பி அஞ்சு மாசமாச்சு. ஏத்துக்கவும் இல்ல, வேணாம்னு சொல்லவும் இல்ல. பேசாம ஃபோர்க் எடுத்துரலாம்னு இருக்கோம். என்ன சொல்றீங்க?"

அவருக்குத் தனியாகப் பதில் போட்டுவிட்டேன். ஆனால் இந்தக் கேள்வி எனக்கு மூன்றாவது தடவையாக வருகிறது, அதனால் பொதுவிலும் எழுதி வைக்கிறேன். நானும் ஒரு காலத்தில் பிரிந்து போனவன்தான்.

தெரியாதவர்களுக்கு: கீகாட் என்பது சர்க்கிட் போர்ட் வரையும் மென்பொருள். 1992-ல் பிரான்ஸில் ஷான்-பியர் ஷாராஸ் என்பவர் தொடங்கினார். ஜி.பி.எல். உரிமத்தில் இருப்பதால் காசும் இல்லை, கதவும் பூட்டவில்லை. யாரும் முழு மூலக்கோடையும் அள்ளிக்கொண்டு போய், தம் விருப்பப்படி மாற்றி, வேறு பெயரில் நடத்தலாம். அதுதான் ஃபோர்க். நம் பாஷையில் தனிக்குடித்தனம்.

2020 ஊரடங்குக் காலம். ஹட்டனில் என் கடையை மூடி வைத்திருந்தேன். சிறு தோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கும் ஒருவருக்குத் தராசு போர்ட் ஒன்று வரைந்துகொண்டிருந்தேன். பொத்தானுக்குப் பக்கத்தில் 'சைபர்' என்றும், டிஸ்பிளேக்குக் கீழே 'கிலோ' என்றும் போர்டிலேயே தமிழில் அச்சாக வேண்டும் என்று எனக்கு ஆசை. கொழுந்து கொண்டு வருகிறவர்கள் வாசிக்க வேண்டாமா? அப்போதிருந்த கீகாட் 5.1 பதிப்பில் தமிழில் தட்டினால் கேள்விக்குறிகள் வரிசையாக வந்து நிற்கும். எழுத்தைப் படமாக மாற்றி ஒட்டலாம், ஆனால் ஒரு எழுத்தை மாற்ற வேண்டுமென்றால் முதலிலிருந்து எல்லாம் மறுபடி.

எனக்கு வந்த கோபத்தில் நாங்களும் நாலு பேர் சேர்ந்தோம், ஃபோர்க் எடுத்தோம். பெயர் சொல்ல மாட்டேன், வெட்கமாக இருக்கிறது.

'கி' ஒரு வாரத்தில் வந்துவிட்டது. 'லோ' எங்களைக் கொன்றது. கணினி அதை முதலில் ல, பிறகு ஓகாரக் குறி என்று வைத்திருக்கும். காகிதத்திலோ கொம்பு முன்னால் வர வேண்டும், ல நடுவில், கால் பின்னால். நாங்கள் எழுதிய கோட் எல்லாவற்றையும் ல-வுக்குப் பின்னாலேயே கொட்டியது. இதைச் சரிக்கட்ட இரண்டு மாதம். அப்புறம் 2023 பெப்ரவரியில் கீகாட் 7 வந்தது. கணினியில் இருக்கும் எந்த எழுத்துருவையும் எடுத்துக்கொள்ளலாம். கொம்பும் காலும் தானாக அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. நாங்கள் இரண்டு மாதம் மாரடித்த வேலைக்கு, வேறு எத்தனையோ மென்பொருள்கள் பொதுவில் பயன்படுத்தும் ஒரு நூலகம் (எடுத்துப் பொருத்திக்கொள்ளும் தயார் கோட்) ஏற்கெனவே இருந்திருக்கிறது. பெரிய வீட்டுக்காரர்கள் அதை எடுத்துப் பொருத்திக்கொண்டார்கள்.

அதைக்கூட மன்னிக்கலாம். அந்த மூன்று கால் சங்கதிதான் இன்னும் உறுத்துகிறது.

கீகாட்டில் உதிரிப்பாகங்களின் சிம்பல்களை அடுக்கி வைத்த ஒரு லைப்ரரி உண்டு. அதில் மொஸ்ஃபெட்டுக்கு (கரண்டைத் திறந்து மூடும் மூன்று கால் சில்லு) ஒரே மாதிரிப் பெயரில் ஏகப்பட்ட சிம்பல்கள். பெயரின் கடைசி மூன்று எழுத்து மட்டும் மாறும். ஒன்றில் கால்கள் கேட், டிரெயின், சோர்ஸ் என்ற வரிசை. இன்னொன்றில் கேட், சோர்ஸ், டிரெயின். 'இத்தனை எதுக்கு, பார்க்கிறவனுக்குத் தலைசுத்தும்' என்று எங்கள் ஃபோர்க்கில் ஒன்றை மட்டும் வைத்துவிட்டு மற்றதையெல்லாம் கவ்வாத்து வெட்டினோம். வைத்தது கேட், டிரெயின், சோர்ஸ். ரிப்பேர் கடைக்காரன் கையில் அதிகம் புழங்கும் பெரிய ஐ.ஆர்.எஃப். வகைக்கு அது சரி. தராசு போர்டில் பஸருக்குப் போட்ட அரிசி அளவு ஏஓ3400 மொஸ்ஃபெட்டுக்கு 2-ம் கால் சோர்ஸ், 3-ம் கால் டிரெயின்.

20 போர்ட் அடித்து வந்தது. கரண்ட் கொடுத்தேன். பஸர் கத்த ஆரம்பித்தது, நிறுத்தவே இல்லை. டிரெயினும் சோர்ஸும் இடம் மாறிப்போனால் உள்ளே இருக்கும் டயோட் வழியாகக் கரண்ட் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், கேட்டை என்ன செய்தாலும் நிற்காது. அரை நாள் ப்ரோகிராமில் பிழை தேடினேன். கடைசியில் மீட்டரை வைத்தபோதுதான் தெரிந்தது, பிழை நாங்கள் 'சுத்தம் செய்த' லைப்ரரியில். நாங்கள் குப்பை என்று வெட்டிய ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும், எங்கேயோ ஒருவர் இப்படிப் பஸர் கத்த உட்கார்ந்திருந்திருப்பார்.

மலையகத்தில் பிறந்தவனுக்குப் பிரிவைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1939-ல் தொடங்கிய இலங்கை இந்தியக் காங்கிரஸ் 1950-ல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆனது. 1956-ல் தொழிற்சங்கத் தலைவர் அஸீஸ் தனியே போய் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்தார். 1965-ல் தொழிலாளர் தேசிய சங்கம் வந்தது. யார் சரி, யார் பிழை என்று இங்கே பேசப் போவதில்லை (கமெண்டிலும் வேண்டாம், கும்பிட்டுக் கேட்கிறேன்). நான் சொல்ல வந்தது சங்கச் சந்தாவைப் பற்றி. ஆள் போனால் சந்தாவும் கூடவே போகும். மென்பொருளில் அந்தக் கவலை இல்லை, கோடை நகல் எடுத்தால் தாய்வீட்டுக்கு ஒன்றும் குறையாது என்று நாங்கள் நினைத்தோம். கோட் குறையவில்லைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமையை நகல் எடுக்க முடியாதே. எங்கள் நாலு பேரின் ஞாயிறும் பிரிந்து போனது. ஒருவருக்கு மத்திய கிழக்கில் வேலை கிடைத்தது, ஒருவருக்குக் குழந்தை பிறந்தது. 2021 டிசம்பரில் கீகாட் 6 வந்தபோது சர்க்கிட் ஃபைலின் வடிவமே மாறியிருந்தது. நாங்கள் 5.1-லேயே நின்றுபோனோம். பண்டாரவளையிலிருந்து ஒரு நண்பர் அனுப்பிய ஃபைலை எங்கள் மென்பொருளில் நாங்களே திறக்க முடியவில்லை. அன்றோடு எங்கள் குடித்தனம் முடிந்தது.

அப்படியென்றால் ஃபோர்க்கே கூடாதா என்றால், இல்லை. ஜீடா என்ற பழைய தொகுப்பு 1998-லிருந்து இருந்தது. அங்கே வேலை தளர்ந்துபோன பிறகு, 2016-ல் லெப்டன் அதிலிருந்து பிரிந்து நடக்கத் தொடங்கியது. அதே குடும்பத்துப் போர்ட் வரையும் மென்பொருளிலிருந்து பிரிந்த பி.சி.பி.-ஆர்.என்.டி. இன்றைக்குக் கீகாட் ஃபைலையும் ஈகிள் என்ற இன்னொரு போர்ட் மென்பொருளின் ஃபைலையும் திறக்கும். பிரிந்து போனாலும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். ஹொரைசன் செய்தது இன்னும் கெட்டிக்காரத்தனம். புதிதாகவே ஒரு மென்பொருள் எழுதினார்கள். ட்ராக் (போர்டில் கரண்ட் ஓடும் செப்புக் கோடு) இழுக்கும்போது பக்கத்து ட்ராக்குகளைத் தள்ளி வழிவிட வைக்கும் ரூட்டரை மட்டும் கீகாட்டிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்த ரூட்டரைக் கீகாட்டுக்குக் கொடுத்தது ஜெனீவாவின் செர்ன் ஆய்வுகூடம்.

பிரியும் உரிமை கையில் இருக்கத்தான் வேண்டும். ஈகிளை 2016-ல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. 2017-ல் சந்தா முறை வந்தது. 2026 ஜூனோடு ஈகிளை நிறுத்துவோம் என்று 2023-ல் அறிவித்தார்கள். மூலக்கோட் மூடியிருந்ததால், அதைத் தொடர்ந்து நடத்துவோம் என்று சொல்ல வெளியில் யாருக்கும் வழியில்லை. வீடு விழுந்தால் ஓட ஒரு வாசல் வேண்டும். ஆனால் கதவைத் தட்டி அஞ்சு மாதம் யாரும் திறக்கவில்லை என்பதற்காக வீடு விழுந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

பதுளைத் தம்பியிடம் அந்த மாற்றத்தை அனுப்பச் சொன்னேன். பார்த்தால், ஒரே ரிக்வெஸ்டில் 43 ஃபைல். மூன்று பிழைத்திருத்தம், ஒரு புதிய வசதி, இடையே யாரோ கமா, இடைவெளி எல்லாம் ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள். நானாக இருந்தாலும் நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளித்தான் வைத்திருப்பேன். முதல் பிழைத்திருத்தம் வெறும் 6 வரி. அதை மட்டும் பிரித்துத் தனியாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

மீதியை எப்படிப் பிரிப்பது என்று ஞாயிறு உட்கார்ந்து பார்க்கலாம், தம்பி. நாலு பேரும் வாங்க. கடை முன்பக்கம் பூட்டியிருக்கும், பின்பக்கமாக வந்து கூப்பிடுங்கள். அந்த 20 போர்டில் மூன்று இன்னும் மேசை லாச்சியில் கிடக்கிறது, கரண்ட் கொடுத்துக் காட்டுகிறேன்.