சிந்தாத தங்கத்துக்கு ஏன் காசு?

பொய் சொல்லி ஏமாற்றுகிறவனையாவது சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். கையில் ரோஸ்மில்க் கொடுத்து, கணினி பில் போட்டு, ஜிஎஸ்டியும் கட்டவைத்து ஏமாற்றுகிறவர்களை என்ன செய்வது? நகைக்கடைச் சேதாரத்தைத்தான் சொல்கிறேன்.

தங்கைக்கு 2 பவுனில் செயின் எடுத்தோம். 16 கிராம். சேதாரம் 15 சதவீதமாம், அதாவது 2.4 கிராம். அந்தத் தங்கம் எங்கே என்று கேட்டால், "செய்யும்போது வீணாப் போறதுங்க சார்" என்கிறார் விற்பனையாளர். ஆசாரி கையால் அராவிய காலத்தில் தூள் சிந்தியிருக்கும், சரி. இது மெஷின் செயின்! அப்படியே சிந்தினாலும் தங்கத் தூளை எவனாவது குப்பையில் கொட்டுவானா? கோவையில் நகைப்பட்டறைத் தெரு மண்ணைக் கூட்டி அரித்து, அதில் பொன் எடுத்துப் பிழைக்கிறவர்களே இருக்கிறார்கள். பட்டறைக்குள் விழுந்த தூளையா விட்டுவிடப் போகிறார்கள்? கொஞ்சம் முறைத்ததும் "மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வர்றேன்" என்று போனவர் திரும்பி வந்தபோது சேதாரம் 11 சதவீதம். ஏற்கெனவே வீணாய்ப் போன தங்கம் மேனேஜர் தலையாட்டினால் திரும்பி வந்துவிடுமா?

இல்லாத அந்தத் தங்கத்தின் விலையையும் சேர்த்துத்தான் 3 சதவீத ஜிஎஸ்டி வேறு.

விளம்பரப் பலகையில் 'சேதாரம் 4%' ஆள் உயரத்துக்கு இருக்கும், பக்கத்தில் 'முதல்' எறும்பு அளவில். சேதாரமே இல்லை என்பவர்கள் செய்கூலியை ஏற்றிவிடுவார்கள். கல் நகையில் கல்லையும் அரக்கையும் தங்கமாக எடை போடுகிற புண்ணியவான்களும் உண்டு. பில்லில் மொத்த எடையும் நிகர எடையும் தனித்தனியே இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹால்மார்க் இருக்கிறதே என்பீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் எச்யூஐடி எனும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாளக் குறியீட்டோடுதான் ஹால்மார்க் நகையை விற்கலாம். நல்ல விதிதான். ஆனால் அது தங்கத்தின் தரத்துக்கு (22 காரட் என்றால் 916) மட்டும்தான் சாட்சி. சேதாரம் 8 போடுகிறார்களா 22 போடுகிறார்களா என்பதைப் பற்றி அது வாயே திறக்காது.

இதே செயினை அடுத்த மாதம் இதே கடையில் விற்றுப் பாருங்கள். தராசில் வைத்துவிட்டு 16 கிராம்தான் என்பார்கள். நாம் காசு கொடுத்த சேதாரத்தைப் பற்றிப் பேச்சே இருக்காது. அதற்கு மேல் பற்றவைத்த பொடி, அழுக்கு என்று கழிவு வேறு. நேற்றுவரை கண்ணாடிப் பெட்டியில் மின்னிய, அவர்களே முத்திரை காட்டி விற்ற நகையில் அழுக்காம்!