எல்லாப் பெண்ணியவாதிகளுமா?
பாலியல் தொழிலில் விற்கும் பெண்ணை விட்டுவிட்டு வாங்குபவரைத் தண்டிக்கும் ஸ்வீடன் சட்டத்தைப் பெண்ணியவாதிகள் எல்லோரும் ஏற்கிறார்கள் என்று அந்தத் தொழிலைப் பற்றி இங்கே வந்த கட்டுரை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. 1999-இல் வந்த அந்தச் சட்டம் பெரிய திருப்பம்தான். அதுவரை பெரும்பாலும் யாரும் கேள்வி கேட்காத ஆணைப் பார்த்துக் கேட்டது. ஆனால் 2003-இல் நியூசிலாந்து பாலியல் தொழிலையே குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது, அதை ஆதரித்தவர்களிலும் பெண்ணியவாதிகள் இருந்தார்கள். அங்கே 2014-இல் ஒரு பாலியல் தொழிலாளி, தன்னிடம் அத்துமீறிய பாலியல் விடுதி நடத்துநர் மீது மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் வழக்காடி 25,000 நியூசிலாந்து டாலர் இழப்பீடு வாங்கினார். தொழிலே குற்றம் என்றிருந்தால் எந்தப் படியேறிப் போய் முறையிட்டிருப்பார்? அதற்காக நியூசிலாந்தைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் வேண்டாம். தற்காலிக விசாவில் வந்த பெண்கள் இந்தத் தொழில் செய்ய அங்கே அனுமதி இல்லை. எளிதில் மிரட்டப்படுவது அவர்கள்தான். அப்புறம், மேலே பின்னூட்டத்தில் ஒருவர் "விரும்பித்தானே வருகிறார்கள்" என்று எழுதியிருக்கிறார். கடன் கழுத்தை நெரிக்கும்போது சொல்லும் சம்மதத்தை விருப்பம் என்று எப்படிச் சொல்வது? அதே சமயம், 1975-இல் பிரான்ஸின் லியோன் நகரில் இந்தத் தொழிலில் இருந்த பெண்கள் நூறு பேரளவில் ஒரு தேவாலயத்துக்குள் புகுந்து உட்கார்ந்தது, தங்களை மீட்கச் சொல்லி அல்ல, காவல்துறையின் அபராதத்தையும் தொல்லையையும் எதிர்த்து. கட்டுரையில் இத்தனை அறிஞர்கள் பேசுகிறார்கள், அந்தத் தொழிலில் இருக்கும் ஒரு பெண்கூடப் பேசவில்லை.