மூணாறில் இந்த ஆண்டே நீலக்குறிஞ்சியா?

"மூணாறு மலை முழுக்க நீலக்குறிஞ்சி பூத்துவிட்டது, விட்டால் இன்னும் 12 வருஷம்" என்று படத்தோடு ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. மூணாறை ஒட்டிய இரவிகுளம் பகுதியில் அது கூட்டமாகப் பூத்தது 2006-இலும் 2018-இலும், அடுத்தது 2030. பூத்து விதை விட்டதும் செடி பட்டுப்போகும். புதுச்செடி பூக்க 12 ஆண்டு வேண்டும், அதனால் அதே சரிவு இடையில் நீலமாக வழியில்லை.

குழப்பம் வருவது ஏன்? குறிஞ்சியில் பல இனங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் சுழற்சி வேறு. நீலக்குறிஞ்சியிலேயே அங்கங்கே சில செடிகள் முன்பின்னாகப் பூக்கும். அதை அருகில் போய்ப் படமெடுத்தால் மலையே பூத்தது போலத்தான் தெரியும்! பெரும்பாலும் பழைய 2018 படங்களே திரும்ப வருகின்றன.

அறை பதியுமுன் இரவிகுளம் தேசியப் பூங்கா அலுவலகத்தில் கேளுங்கள். இந்தச் செய்தியை மேலும் அனுப்ப வேண்டாம்.