சான் மரினோவுக்கு ஒலிம்பிக் தங்கமா?

‘வெறும் 34,000 பேர் வாழும் சான் மரினோ, டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது’ என்றொரு பதிவு வாட்ஸப்பில் சுற்றுகிறது. பாதிதான் உண்மை. ஐந்தே வீரர்களுடன் வந்த அந்தக் குட்டி ஐரோப்பிய நாட்டின் அணி, 2021இல் மூன்று பதக்கங்களை வென்றது, தங்கம் இல்லை.

பறக்கும் தட்டுகளைச் சுடும் டிராப் போட்டியில் அலெஸாந்த்ரா பெரில்லிக்கு வெண்கலம். நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கமே அதுதான். 2012 லண்டனில் ஷூட்-ஆஃப் (சமநிலையை முறிக்கும் கூடுதல் சுற்று) வரை போய் நான்காம் இடத்தோடு திரும்பியவர் அவர். அப்புறம் ஜான் மார்கோ பெர்த்தியுடன் அதே டிராப்பின் கலப்பு இரட்டையர் இறுதி: ஸ்பெயினிடம் 40–41 எனத் தோல்வி, வெள்ளி. ஒரே ஒரு தட்டு! மல்யுத்தத்தில் மைல்ஸ் அமீனுக்கும் வெண்கலம்.

சரி, தங்கக் கதை எங்கிருந்து வந்திருக்கும்? அதே டோக்கியோவில் டிரையத்லானில் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) தங்கம் வென்ற ஃப்ளோரா டஃபியின் குட்டித் தீவு பெர்முடாவோடு குழப்பிக்கொண்டிருக்கலாம்.