எந்த நாட்டு ஐஸ் மெஷின் என்று கேட்பவர்களுக்கு

உணவகம் தொடங்குகிறவர்கள் ஐஸ் மெஷின் பற்றி என்னிடம் பேச வரும்போது விலையைக்கூடப் பிறகுதான் கேட்கிறார்கள். முதலில் வருவது "சார், இத்தாலி மெஷினா, அமெரிக்க மெஷினா, சீனாவா?" என்ற கேள்விதான். விற்பனைப் பிரதிநிதி முன்பே வந்து பாடம் நடத்திவிட்டுப் போயிருக்கிறார் என்று அதிலிருந்தே தெரிந்துவிடும். இத்தாலி என்றால் உசத்தி, சீனா என்றால் மட்டம் என்பதைத் தாண்டி அந்தப் பாடத்தில் ஒன்றும் இருக்காது.

நாடு முக்கியமே இல்லை என்று நான் வாதிடப் போவதில்லை. மெஷின் எங்கே செய்யப்பட்டது என்பது அதன் தரத்தைப் பாதிக்கத்தான் செய்கிறது. ஆனால் எப்படிப் பாதிக்கிறது என்பதை அந்தப் பிரதிநிதி சொல்வதில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

இந்தத் தொழிலின் வரைபடத்தை முதலில் பார்த்துவிடலாம். உலகின் பெரிய ஹோட்டல்களில் நிற்கும் ஐஸ் மெஷின்களில் பெரும்பகுதி ஒருசில ஊர்களிலிருந்து வருபவை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் மானிடோவோக், மிச்சிகன் ஏரிக்கரை ஊர். இரண்டாம் உலகப் போரின்போது அங்கிருந்த கப்பல் தளத்தில் 28 நீர்மூழ்கிக் கப்பல்கள் கட்டினார்கள். போர் முடிந்ததும் அதே நிறுவனம் குளிர்பதனத் தொழிலில் இறங்கியது. ஊரின் பெயரே மெஷினின் பெயராகிவிட்டது. ஸ்காட்ஸ்மன் மெஷின்கள் தென் கரோலினாவின் ஃபேர்ஃபாக்ஸிலும், இத்தாலியில் மிலானை ஒட்டிய பொலியானோவிலும் உருவாகின்றன. மிலானுக்குப் பக்கத்திலேயே வில்லா கோர்த்தேசே என்ற சிற்றூரில் பிரேமா என்ற ஐஸ் மெஷின் நிறுவனத்தின் தொழிற்சாலை இருக்கிறது. ஜப்பானின் ஹோஷிசாகி 1947இல் நாகோயாவில் தொடங்கியது. இன்று அதற்கு ஜப்பானைத் தவிர அமெரிக்காவின் ஜார்ஜியா, இங்கிலாந்தின் டெல்ஃபோர்ட், சீனாவின் சூசோ என்று பல இடங்களில் ஆலைகள் உண்டு.

இப்போது கொடியைத் தேடிப் பாருங்கள். பிரேமாவை 2022இல் ஹோஷிசாகி வாங்கிவிட்டது. ஆகவே அந்த "அசல் இத்தாலி மெஷின்" ஜப்பானியக் குழுமத்தின் சொத்து. அமெரிக்கப் பெயரான ஸ்காட்ஸ்மன் இத்தாலியின் அலி குழுமத்திடம் இருக்கிறது. அதே அலி குழுமம் 2022இல் வெல்பில்ட் நிறுவனத்தை வாங்கப் போனது. வெல்பில்டிடம் மானிடோவோக் இருந்தது. இரண்டு பெரிய ஐஸ் மெஷின் நிறுவனங்களும் ஒரே கையில் சேரக்கூடாது என்பதால் மானிடோவோக்கைத் தனியே பிரித்து 160 கோடி டாலருக்கு விற்றார்கள். வாங்கிய பென்ட்ஏர் யார் தெரியுமா? எவர்ப்யூர் வடிகட்டிகளைச் செய்கிறவர்கள், அதாவது தண்ணீர் சுத்திகரிப்புக்காரர்கள். ஐஸ் மெஷின் தொழில் பாதிக்குமேல் தண்ணீர்த் தொழில்தான் என்று நான் சொன்னால் வாடிக்கையாளர்கள் நம்புவதில்லை. அவ்வளவு பணம் போட்டவர்கள் நம்பியிருக்கிறார்கள்.

முதலாளி மாறினால் மாறட்டும், ஆலை அதே ஆலைதானே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் ஆலையில் நடப்பது பெரும்பாலும் கோர்ப்பு வேலை. ஐரோப்பியச் சுங்க விதிப்படி, பல நாட்டுப் பாகங்களால் ஆன பொருளுக்குக் கடைசியாக எங்கே கணிசமான உருமாற்றம் நடந்ததோ அதுவே பிறந்த நாடு. கம்ப்ரஸர் ஸ்லோவாக்கியாவிலோ பிரேசிலிலோ செய்யப்பட்டிருக்கலாம், கண்டென்ஸர் மின்விசிறி வேறெங்காவது சுற்றப்பட்டிருக்கலாம். எல்லாம் மிலானில் பூட்டப்பட்டால் அது இத்தாலிய மெஷின். இதில் மோசடி எதுவும் இல்லை. நல்ல கம்ப்ரஸர் எங்கே செய்தாலும் நல்ல கம்ப்ரஸர்தான். கொடிக்காகத் தனியாகப் பணம் கேட்கும்போதுதான் எனக்கு ஆட்சேபம்.

அப்படியானால் இடம் எங்கேதான் முக்கியமாகிறது? வடிவமைத்தவர் மனதில் இருந்த வெயிலில்.

பிரசுரத்தில் பெரிய எழுத்தில் "ஒரு நாளைக்கு 100 கிலோ" என்று இருக்கும். எந்தச் சூழலில் 100 கிலோ என்பது அடியில் சிறிய எழுத்தில் இருக்கும், சில பிரசுரங்களில் அதுவும் இருக்காது. அமெரிக்கப் பிரசுரங்களில் முன்னால் நிற்கும் எண் பெரும்பாலும் காற்று 21 டிகிரி, உள்ளே வரும் தண்ணீர் 10 டிகிரி என்ற கணக்கில் வந்தது. அந்த நாட்டின் குளிர்பதனத் தொழில் அமைப்பான ஏ.எச்.ஆர்.ஐ.யின் தர அளவீடு அதைவிட நேர்மையானது: காற்று 32, தண்ணீர் 21. சென்னையில் மே மாதம் சமையலறைக் காற்று 40ஐத் தொடும். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரே 35 இருக்கும். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது எடுத்த மைலேஜைக் காட்டி மதுரை நெரிசலுக்கு வண்டி விற்பது போன்றது இது.

பள்ளிக்கூட இயற்பியலை வைத்தே கணக்குப் போடலாம். 10 டிகிரித் தண்ணீர் ஒரு கிலோவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து உறைய வைக்க ஏறத்தாழ 376 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். 35 டிகிரித் தண்ணீருக்கு அது 481. தண்ணீரின் சூட்டால் மட்டுமே வேலை 28 சதவீதம் கூடிவிட்டது. சூடான காற்றில் கம்ப்ரஸரின் திறனும் குறையும். இரண்டையும் சேர்த்தால், பிரசுரம் சொன்னதில் மூன்றில் இரண்டு பங்கு வந்தாலே அது நல்ல மெஷின். வேளச்சேரிப் பக்கம் ஒரு பழச்சாறுக் கடைக்காரர் மே மாதம் முழுக்க மெஷினையும் வைத்துக்கொண்டு, வெளியே ஐஸ் பாரும் வாங்கிக்கொண்டிருந்தார். மெஷினில் ஒரு பழுதும் இல்லை. அது குளிர்நாட்டுக் கணக்கில் விற்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

 

அடுத்து எவாப்பரேட்டர். ஐஸ் உருவாகும் தட்டு அதுதான், மெஷினின் உயிரும் அதுதான். மானிடோவோக் வழி, செம்புத் தட்டின் மேல் நிக்கல் பூச்சு. செம்பு குளிரை வேகமாகக் கடத்தும், நிக்கல் அதைத் தண்ணீரிலிருந்து காக்கும். ஹோஷிசாகி வழி வேறு: துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளுக்கு நடுவே செம்புக் குழாய். எஃகு வெப்பத்தை மந்தமாகத்தான் கடத்தும் என்பதால், ஐஸைக் கழற்றும்போது சூடான வாயுவோடு தகட்டின் பின்புறம் தண்ணீரையும் ஓட விடுகிறார்கள். தண்ணீர் கொஞ்சம் அதிகம் செலவாகும், ஆனால் உரிந்து போக அங்கே பூச்சு என்று ஒன்று இல்லை.

நம் ஊர் போர்வெல் தண்ணீருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. உப்புப் படிவு சேரும், அதை எடுக்க அமிலம் ஊற்றுவார்கள். நிக்கலுக்கு ஏற்ற திரவத்தை விட்டுவிட்டுக் கழிவறை ஆசிட்டை ஊற்றும் மெக்கானிக்கையும் பார்த்திருக்கிறேன். பூச்சு போனதும் செம்பு தெரியும், ஐஸ் தட்டை விட்டுக் கழலாது, புதிய எவாப்பரேட்டரின் விலையைக் கேட்டு முதலாளி நாற்காலியைத் தேடுவார். ஆலை எங்கே என்பது உண்மையிலேயே கணக்கில் வரும் இடம் இதுதான். நிக்கல் பூச்சு மைக்ரான் கணக்கில் இருக்கும் மெல்லிய படலம். பூச்சுத் தொட்டியின் ரசாயனத்தை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளும் ஆலையிலிருந்து வந்த தட்டும், அலட்சியமான ஆலையிலிருந்து வந்த தட்டும் கடையில் ஒரே மாதிரிதான் மின்னும். இரண்டாம் வருடம்தான் வித்தியாசம் தெரியும்.

சீன மெஷின் மட்டம் என்ற பேச்சையும் இந்த இடத்தில் சரிபார்க்க வேண்டும். சூசோவில் ஹோஷிசாகி தன் வரைபடப்படி, தன் சோதனைகளோடு செய்வதும் சீன மெஷின்தான். யார் செய்தது என்றே தெரியாமல், ஒரே பெட்டியில் வெவ்வேறு கம்பெனிகளின் ஸ்டிக்கர் ஒட்டி இறக்குமதியாவதும் சீன மெஷின்தான். இரண்டாவது வகையில் எனக்கிருக்கும் குறை, அது சீனாவில் செய்யப்பட்டது என்பது அல்ல. இந்த ஆண்டு வந்த சரக்கின் தண்ணீர் பம்ப்பும் கட்டுப்பாட்டுப் பலகையும் அடுத்த ஆண்டுச் சரக்கில் இருப்பதில்லை. பாக எண்ணே கிடையாது. பழுதானால் அதே போன்ற இன்னொரு மெஷினைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். இறக்குமதியாளர் அதற்குள் ஏர் பிரையர் வியாபாரத்துக்குப் போயிருப்பார்.

வளைகுடாவிலிருந்து வரும் பழைய மெஷின்கள் இன்னொரு கதை. சவூதி அரேபியாவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. பெயர்ப்பலகையில் 220 வோல்ட் என்று பார்த்ததும் நம் ஊருக்குப் பொருந்தும் என்று வாங்கிவிடுகிறார்கள். 60க்காகச் சுற்றிய கம்ப்ரஸர் மோட்டார் 50இல் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும், கூடவே அதிக மின்னோட்டம் இழுத்துச் சூடாகும். ஐஸும் குறையும், கம்ப்ரஸரும் சீக்கிரம் போகும். பெயர்ப்பலகை எல்லாவற்றையும் சொல்கிறது. படிக்கத்தான் ஆளில்லை.

மெஷினுக்குள் ஓடும் குளிரூட்டும் வாயுவையும், அதாவது கேஸையும், பிறந்த இடம் தீர்மானிக்கிறது. ஐரோப்பாவின் 2014ஆம் ஆண்டு எஃப்-கேஸ் சட்டம் ஆர்-404ஏ போன்ற வாயுக்களை நெருக்கியதால், அங்கிருந்து வரும் புதிய சிறிய மெஷின்களில் பல ஆர்-290இல் ஓடுகின்றன. அது புரொப்பேன், தீப்பற்றும். நல்ல வாயுதான், மின்சாரமும் மிச்சம். ஆனால் உங்கள் ஏ.எம்.சி. (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்த) ஆள் அதைத் தொடப் பயிற்சி பெற்றவரா என்று கேட்காமல் வாங்காதீர்கள். கையிலிருக்கும் ஏதோ ஒரு சிலிண்டரை மாட்டி நிரப்பிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே என்னிடம் வருகிறவர்களை நாட்டைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்கிறேன். எவாப்பரேட்டர் எதனால் ஆனது, எந்த ஆலையில் செய்தது என்று கேளுங்கள். காற்று 38, தண்ணீர் 35 டிகிரியில் எத்தனை கிலோ என்பதை விலைப்புள்ளியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல கம்பெனிகளின் கையேட்டில் வெப்பநிலைவாரியான அட்டவணை இருக்கிறது, ஒளித்து வைத்த ரகசியம் இல்லை. வாய்ச்சொல்லாக "நம்ம ஊருக்கு ஓடும் சார்" என்பவரிடம் எழுத்தில் கேட்டால் பேச்சின் சுருதி மாறுவதைக் கேட்கலாம்.

ஹோஷிசாகி 2013இலேயே இந்தியாவின் வெஸ்டர்ன் ரெஃப்ரிஜரேஷனில் பெரும்பங்கு வாங்கியது. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு நம் வெயில் தெரியாதது இல்லை. இந்தியாவில் விற்கும் பிரசுரத்தில் முதல் எண்ணாக நம் ஊர் எண்ணை அச்சிட நான் பார்த்தவரை ஒருவரும் முன்வரவில்லை என்பதுதான் என் புகார். முதலில் அச்சிடுகிறவருக்கு, எண் சிறியதாகத் தெரியும் என்பதால், விற்பனை அடிவாங்கும். அதனால் அவர்களாகச் செய்யமாட்டார்கள். ஹோட்டல் சங்கங்கள் கேட்க வேண்டும், ஒரே குரலில்.

உங்கள் கடையில் ஓடும் மெஷினின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்துக் கருத்துப் பெட்டியில் போடுங்கள். சீரியல் எண்ணை மட்டும் மறைத்துவிடுங்கள்.