டிக்கியில் இருக்கும் அந்த ஏ.சி.யைக் கழற்றாதீர்கள்

போன சனிக்கிழமை டெக்சாஸின் ஹூஸ்டனில் ஒரு பெரியவரின் கார் கொட்டகைக்குப் போயிருந்தேன். கறுப்பு நிற 1953 கேடிலாக் (ஜெனரல் மோட்டார்ஸின் சொகுசுக் கார்), நான்கு கதவு. தொழிற்சாலையிலேயே ஏ.சி. பொருத்திய வண்டி என்பதற்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்கியிருக்கிறார். பழுதுபார்க்க விட்ட பட்டறை (பெயர் வேண்டாம்) டிக்கியிலிருந்த கூலிங் காயிலையும் காற்றாடிகளையும் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் புது செட் ஒன்றை மாட்டி அனுப்பிவிட்டது. பின்சீட்டுக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவிலுள்ள பலகையில் இரண்டு ஓட்டைகள்தான் மிச்சம். அவற்றையும் கறுப்பு டேப் ஒட்டி மூடியிருந்தார்கள். "நன்றாகத்தான் குளிர்கிறது" என்றார் பெரியவர். அந்த டேப்பின் ஓரம் ஏற்கெனவே வெயிலில் சுருண்டு எழும்பியிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

அந்த ஓட்டைகளில் என்ன நின்றது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். டிக்கியில் குளிர்ந்த காற்று, கண்ணாடிபோல் உள்ளே தெரியும் இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள் வழியாகப் பின்கண்ணாடியை ஒட்டி மேலே ஏறும். கூரைத் துணிக்கு மேலே ஓடி, பயணிகளின் தலைக்கு மேலுள்ள சிறு வாய்களில் இறங்கும். வெளிக்காற்றை இழுக்கப் பின்கண்ணாடியின் இருபுறமும் சிறிய காற்றுவாய்கள். சாலையில் போகிறவர் அந்தக் காற்றுவாய்களைப் பார்த்தே, இது ஏ.சி. வண்டி என்று சொல்லிவிடுவார். ஈரப்பதம் அதிகமான நாளில் கூரையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கழுத்தில் விழும். விழட்டுமே! முதல் சொட்டு விழுந்தபோது நான் சிறுபிள்ளைபோல் சிரித்தேன்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குளிர்சாதன வேலை செய்கிறேன். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். காரைக் குளிரவைக்கும் கலை கார்க்காரர்களிடம் பிறந்ததில்லை, குளிர்பெட்டிக்காரர்களிடம் பிறந்தது. கேடிலாக்கின் ஏ.சி.யைச் செய்த ஃபிரிஜிடேர், ஜெனரல் மோட்டார்ஸின் சொந்தக் குளிர்பெட்டிப் பிரிவு. அதே 1953இல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில் வந்த ஏ.சி.யைச் செய்த ஏர்டெம்ப், கிரைஸ்லரின் குளிர்சாதனப் பிரிவு; கட்டடங்களைக் குளிரவைத்துப் பெயர் வாங்கியது. வீட்டுக்கும் கட்டடத்துக்கும் செய்து பழகியவர்கள் காருக்குச் செய்தபோது கருவி பெரிதாக வந்தது. அத்தனை பெரிய காயிலுக்கு டிக்கியில்தான் இடமிருந்தது. முன்னால் குளிர்விக்கும் கேஸை அழுத்தும் கம்ப்ரசர், பின்னால் காயில், நடுவே வண்டியின் அடியில் நீளமான குழாய்கள். இதைக் கோளாறு என்று பேசுகிறவர்களிடம் எனக்குச் சண்டைதான். ஒரு தொழில் இன்னொரு தொழிலுக்குள் நுழைந்த தடம் அது.

அதற்கும் முன்னோடி பேக்கார்டு என்ற அமெரிக்கக் கார் கம்பெனி. 1939 நவம்பரில் சிகாகோ கார் கண்காட்சியில், 1940 மாடலுக்கென்று ஏ.சி.யைக் காட்டினார்கள். பேக்கார்டுக்குச் சொந்தக் குளிர்பெட்டிக் கம்பெனி கிடையாது. கருவியைச் செய்தது கிளீவ்லாந்தின் பிஷப் அண்ட் பாப்காக். விலை 274 டாலர். சாதாரணக் கார் ஒன்றையே எழுநூறு டாலருக்குள் வாங்க முடிந்த காலம் அது. டிக்கியில் பாதியை ஏ.சி.யே பிடித்துக்கொள்ளும். கம்ப்ரசரை என்ஜினிலிருந்து பிரித்து நிறுத்தும் கிளட்ச் கிடையாது. என்ஜின் ஓடினால் அதுவும் ஓடும். ஏ.சி. வேண்டாமென்றால் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும். குளிர் கூடினாலும் குறைந்தாலும் காற்றாடியின் வேகத்தை மாற்றுவது ஒன்றே வழி. சில ஆண்டுகளிலேயே அது நின்றுபோனது.

ஒரு முறை அந்த பெல்ட்டை நானே கழற்றியிருக்கிறேன். என்ஜின் சூட்டில் விரல் கன்ற, ரப்பரை நெம்பி எடுத்தபோதுதான் புரிந்தது: இன்று நாம் யோசிக்காமல் அழுத்தும் பொத்தானுக்குப் பின்னால் எத்தனை பேருடைய எரிச்சல் இருந்திருக்கும்! 1953 கேடிலாக்கிலும் கம்ப்ரசர் ஓயாமல்தான் ஓடியது. ஆனால் வேண்டாதபோது கேஸைச் சுற்றிவிட ஒரு வால்வு வைத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே நாஷ் என்ற கார் கம்பெனி, குளிர்பெட்டிக்காரரான கெல்வினேட்டரோடு சேர்ந்து, சூடும் குளிரும் ஒன்றாக முன்பக்கமே அமையும்படி 345 டாலருக்குக் கொடுத்தது. டிக்கி ஏ.சி.யின் காலம் அத்தோடு முடியத் தொடங்கியது. அவ்வளவு குறுகிய காலம் இருந்த பொருள் இது. அதனால்தான் பதறுகிறேன்.

"பழைய கேஸ் கிடைக்காது, ஒழுகும்" என்று பட்டறைகள் சொல்வது பாதி உண்மை. அந்தப் பழைய கேஸான ஆர்-12இன் உற்பத்தியை அமெரிக்கா 1995இன் முடிவில் நிறுத்திவிட்டது. ஆனால் மறுசுழற்சி செய்த கேஸ் சான்றிதழ் பெற்ற தொழிலாளர்களுக்கு இன்றும் கிடைக்கிறது, விலைதான் அதிகம். புதிய கேஸான ஆர்-134ஏ-வுக்கு மாறினாலும் டிக்கிக் காயிலைத் தூக்கி எறியத் தேவையில்லை. பழைய மினரல் ஆயில் புதிய கேஸோடு கலக்காது. எனவே முழுவதும் கழுவி எஸ்டர் ஆயில் ஊற்ற வேண்டும். ரப்பர் குழாய்களை உள்ளே தடுப்பு உறையுள்ளவையாக மாற்ற வேண்டும். கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீலைப் புதிதாகப் போட வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால், சூட்டை வெளியே விடும் கன்டென்சர் கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது. நாலைந்து நாள் வேலை. கழற்றி எறிவது ஒரு மதியத்தில் முடிந்துவிடும், அதனால்தான் எறிகிறார்கள்.

ஏ.சி. இல்லாமலே பிறந்த பழைய காருக்குப் புது செட் மாட்டுங்கள், எனக்கு மறுப்பில்லை. டெக்சாஸ் வெயிலில் யாரும் வேகத் தேவையில்லை. வண்டியின் உடலில் ஓட்டை போடாமல், நாளை கழற்றினால் பழையபடி ஆகும்படி மாட்டினால் போதும். உருக்குலைந்த ஒரு வண்டியிலிருந்து அசல் ஏ.சி.யை எடுத்து இன்னொன்றில் பொருத்துவதையும் சிலர் பொய் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இரும்புக் கடைக்குப் போவதைவிட அது ஓடுவது மேல். விற்கும்போது மட்டும், இது இந்த வண்டியோடு பிறந்ததில்லை என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதை மறைப்பதுதான் பொய்.

பெரியவருக்கு அப்படி ஒன்றைத் தேடினோம். தீப்பிடித்த ஒரு 1953 வண்டியின் டிக்கியில் காயிலும் காற்றாடிகளும் முழுதாகக் கிடைத்திருக்கின்றன. பிளாஸ்டிக் குழாய்கள்தான் உருகிப் போயிருக்கின்றன. வெடிப்பில்லாத ஜோடி ஒன்று யார் கண்ணிலாவது பட்டால், மஞ்சளாகிப் போயிருந்தாலும் பரவாயில்லை, எனக்குச் செய்தி அனுப்புங்கள். எத்தனை மைல் ஆனாலும் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.